ஐந்தாம் இலக்கக் காற்சட்டை

இரண்டாம் பாதி தொடங்கிவிட்டது. என் தலைக்கு மேலே நாலாயிரம் பேர் பலகையில் காலால் உதைக்கிறார்கள், கூரையிலிருந்து சுண்ணாம்புத் துகள் உதிர்ந்து தேநீருக்குள் விழுகிறது, நான் அதை விரலால் தொட்டெடுத்துவிட்டு மிச்சத்தைக் குடிக்கிறேன். சீ. ஊற்றியிருக்கலாம். ஊற்றவில்லை. எட்டு வருடம் இந்தச் சலவை அறைக்குள் கிடந்தவனுக்குச் சுண்ணாம்பெல்லாம் ஓர் அழுக்கா. எதிரே தள்ளுகூடை நிறைய முதற் பாதி உடுப்பு. வெளியே விடாத மழை, அதனால் அரை நேரத்தில் பதினொரு பேரும் மேலே கீழே எல்லாம் கழற்றி எறிந்துவிட்டுக் காய்ந்ததை மாட்டிக்கொண்டு போய்விட்டார்கள். சேறு, வியர்வை, நோவுத் தைலம், எவனோ பதற்றத்தில் சட்டையிலேயே எடுத்த வாந்தி, எல்லாம் கலந்து சூடாகக் கூடைக்குள்ளிருந்து மேலே வருகிறது. இதைத்தான் ஊர் முழுக்கக் கொண்டாடிக்கொண்டிருக்கிறது. ஸ்கெல்பி டவுன், இங்கிலாந்தின் நாலாம் பிரிவில் இருபத்தாறு வருடமாக அழுகிக் கிடந்த கழகம், இன்றைக்கு வென்றால் மூன்றாம் பிரிவு. வென்றே ஆக வேண்டும், சமநிலை போதாது. இதுவரை இரண்டு பக்கமும் கோல் இல்லை. கூடையின் மேலாக, நான் வேண்டுமென்றே பார்க்காமல் இருக்கிற இடத்தில், ஒரு வெள்ளைக் காற்சட்டை சுருட்டியபடி கிடக்கிறது. அதில் ஐந்து என்ற இலக்கம். அதை இன்னும் எடுக்கவில்லை. தேநீர் முடியட்டும்.

நான் மேலே போய் ஆட்டத்தைப் பார்க்கக் கூடாது, அது மேனேஜரின் உத்தரவு. பெப்ரவரியில் ஒரு சனிக்கிழமை உலர்த்துகிற மெஷின் பழுதாகி நான் கீழேயே நின்றுவிட்டேன், அன்றைக்குக் கடைசி நிமிடத்தில் எங்களுக்கு ஒரு கோல் விழுந்தது, அதற்குப் பிறகு தோல்வியே இல்லை. பதினான்கு ஆட்டம். "பாரி, நீ கீழையே நில். நீ கீழை நிண்டாத்தான் எங்களுக்கு கோல் விழும்" என்றான். பரராசசிங்கம் என்ற என் பெயரை முதல் நாளே வெட்டிப் பாரி ஆக்கிக்கொண்டார்கள். அவன் பேசியது இங்கிலீசுதான், ஆனால் என் தலைக்குள் எல்லாரும் யாழ்ப்பாணத் தமிழில்தான் பேசுவார்கள், அதிலும் யார் என்னை நீ என்கிறான், யார் நீங்கள் என்கிறான் என்று தலை தானாகப் பிரித்துவிடும். மேனேஜர் நீ. பெப்ரவரியிலிருந்து இந்தக் கட்டடத்தில் எதையும் மாற்றக் கூடாது. அதே சோப்புத் தூள், அதே கொழுக்கி வரிசை. கோல் காப்பவன் உள்ளே போடுகிற பனியன் பதினான்கு ஆட்டமாகத் தண்ணீரைக் காணவில்லை, தோய்த்தால் ராசி போய்விடுமாம். அதை ஒரு பையில் கட்டி வைத்திருந்து, ஆட்ட நாளில் நான்தான் என் கையால் எடுத்து விரித்துக் கொழுவ வேண்டும். பையை அவிழ்க்கும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வேன், பிடித்தும் பயனில்லை, கண்ணால் உள்ளே போகிற நாற்றம் அது. படித்த பிள்ளைகள், பெரிய கார்களில் வருகிறவர்கள், பல்லுக்கு வெள்ளை அடித்தவர்கள். எங்கள் ஆட்கள் நாளும் கோளும் பார்க்கிறார்கள் என்று சிரிக்கிறவர்களும் இவர்கள்தான். இந்தப் பதினான்கு ஆட்டத்தின் ஒரு கோலைக்கூட நான் கண்ணால் கண்டதில்லை. கூரை அதிர்ந்தால் எங்களுக்கு, அதிராவிட்டால் அவர்களுக்கு. கண்டது முழுக்க அவர்கள் கழற்றிப் போட்டதைத்தான்.

சரி, எடுத்தாயிற்று. இரண்டு விரலால் எடுத்தேன், பிறகு எனக்கே வெட்கமாகிக் கையை முழுதாக வைத்தேன். வெளியே சேறு, அது ஒன்றுமில்லை. உள்ளே திருப்பினால் முன்பக்கம் உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பு, ஓரத்தில் சாயத் தேநீர் நிறம், நடுவில் இன்றைக்குப் புதிதாக ஒரு சின்னக் கட்டி. வழுவழுவென்று விரலில் ஒட்டுகிறது. இங்கே வருவதற்கு முன் பதினைந்து வருடம் ஆஸ்பத்திரித் துணி தோய்க்கிற இடத்தில் வேலை செய்தவன் நான். சிராய்ப்பு ரத்தம் எது, மூக்கு ரத்தம் எது, பிள்ளை பெற்ற ரத்தம் எது என்று படுக்கை விரிப்பைப் பார்த்தே சொல்வேன். இது மூத்திரத்தோடு வருகிற ரத்தம். போன மாதம் வரைக்கும் சொட்டுச் சொட்டாக இருந்தது. கட்டி இருந்ததில்லை. கட்டி வந்தால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். தெரியாது, நான் டொக்டர் இல்லை. தெரியும். ஆஸ்பத்திரியில் கட்டியோடு வந்த விரிப்புகள் எந்த வாட்டிலிருந்து வந்தன என்று மூட்டையில் எழுதியிருக்கும், இரண்டு மூன்று கிழமை ஒரே கட்டிலின் விரிப்பு வரும், பிறகு அந்தக் கட்டிலிலிருந்து வேறு விதமான அழுக்கு வரும், வேறு ஆள்.

இந்தக் காற்சட்டைக்குரியவன் மெல்டன். கப்டன். முப்பத்து மூன்று வயது, இரண்டு பெண் பிள்ளைகள், பதினைந்து வருடம் ஐந்து கழகத்தில் விளையாடி ஒரு முறைகூட மேல் பிரிவுக்கு ஏறாதவன். பெப்ரவரியில் வெளியூர் ஆட்டம் ஒன்றில் எவனோ முழங்காலால் விலாவுக்குக் கீழே இடித்திருக்கிறான். இரண்டாம் நாள் நான் காலையில் வந்து கதவைத் திறந்தால் மெல்டன் எனக்கு முன்னரே வந்து தொட்டியில் எதையோ உரசிக்கொண்டு நிற்கிறான், ஆவி பறக்கச் சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு. தண்ணீர் இளஞ்சிவப்பாக ஓடுகிறது. நான் பார்த்தேன், விளங்கிவிட்டது. என் வாயில் முதல் வந்த வார்த்தை என்ன? உடனே டொக்டரிடம் போ என்றா? இல்லை. "சுடுதண்ணியிலை ரத்தத்தைப் போடாதேங்கோ, பிறகு சீவியத்துக்கும் போகாது. பச்சைத் தண்ணி வேணும்." அவ்வளவுதான் சொன்னேன். ஒரு மனிதனின் உள்ளே எதுவோ கிழிந்து ரத்தம் போகிறது, நான் அவனுக்குத் தண்ணீரின் சூட்டைப் பற்றிப் பாடம் எடுக்கிறேன். அவன் குழாயை மூடிவிட்டு என் கையைப் பிடித்தான். "பாரி, ஹெலனுக்குத் தெரிஞ்சா என்னை விளையாட விடாமல் இருத்திப்போடுவா. மே மாசம் ஆட்டமெல்லாம் முடியிற வரைக்கும் பொறுங்கோ. பிறகு நானே போய்க் காட்டுவன். என்ரை பிள்ளையளாணை." ஹெலன் எங்கள் உடற்சிகிச்சைக்காரி. மேனேஜர் காலில் விழுந்தாலும் ஏலாதவனை ஏலும் என்று சொல்லமாட்டாள், அதனால்தான் இந்தக் கட்டடத்தில் எல்லாரும் அவளுக்கு மட்டும் பொய் சொல்வார்கள். நான் "ஓம்" என்றேன். அதிலிருந்து ஒவ்வொரு கிழமையும், ஒவ்வோர் ஆட்டத்துக்கும் பிறகு, ஐந்தாம் இலக்கம் தனிப் பையில் என் மேசைக்குக் கீழே வரும். பச்சைத் தண்ணீர், ஒரு பிடி உப்பு, அரை மணித்தியாலம் ஊறல், பெருவிரலால் மெல்ல. ஒரு பொட்டுத் தடமில்லாமல் எடுத்துவிடுவேன். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்து, கெட்டிக்காரன்தான் நான், என்று நினைத்திருக்கிறேன். பெருமையாக நினைத்திருக்கிறேன். தூ.

பச்சைத் தண்ணீர் விஷயம் எனக்கு ஆஸ்பத்திரியில் யாரும் சொல்லித் தந்ததில்லை. எங்கள் வீட்டுக்கு வெள்ளிக்கிழமையில் கட்டாடி வருவான், ஊர் உடுப்பெல்லாம் வெளுக்கிறவன். வருவான் என்றுதான் சொல்வோம், என் தகப்பனைவிட மூத்த மனிதர், நாங்கள் மூக்கொழுகுகிற பிள்ளைகளும் வருவான் என்போம். பெயர் சின்னவி. அம்மா மாதத் துடக்குத் துணியை அவர் கையில் கொடுக்கமாட்டா, வேலி வாசலில், படலையடியில் எறிவா, அவர் குனிந்து பொறுக்குவார். ஒரு நாள் அக்கா ஏதோ அவசரத்தில் துணியைச் சுடுதண்ணீரில் ஊறவைத்துவிட்டா, சின்னவி தூக்கிப் பார்த்துவிட்டு நிலத்தைப் பார்த்தபடி சொன்னார், "சுடுதண்ணி காட்டினா ரத்தம் பிடிச்சுக்கொண்டிடும் நாச்சியார், இனி நான் அடிச்சாலும் போகாது." அம்மாவின் முகம் அப்போது போன போக்கை இப்போதும் பார்க்கிறேன். வீட்டு ரத்தத்தைப் பற்றி அவர் வாய் திறந்துவிட்டாராம். எந்த வீட்டில் எந்தப் பெண்ணுக்கு எத்தனை மாதம் துணி வரவில்லை, எந்த வீட்டில் மனைவிக்கு அடி விழுகிறது, எல்லாம் அந்த மனிதருக்குத் தெரிந்திருக்கும். வெளியே ஒரு சொல் வந்ததில்லை. வந்தால் அவருக்கு அடி விழும். நான் வாய் திறந்தால் எனக்கு யார் அடிப்பது? ஒருத்தரும் இல்லை. அவர் பயத்தில் பொத்திய வாய். என்னுடையது எதற்காகப் பொத்திய வாய் என்று யாராவது கேட்டால் சொல்ல ஒரு மரியாதையான பதில் என்னிடம் கிடையாது.

பஸ்ஸுக்காக. அதுதான் பதில். சொல்லிவிட்டேன். வென்றால் திங்கட்கிழமை கூரையில்லாத இரட்டைத் தட்டு பஸ்ஸில் எல்லாரும் ஊரைச் சுற்றுகிறார்கள், மேனேஜர் எனக்கும் ஓர் இடம் என்று சொல்லியிருக்கிறான், ராசிக்காரன் அல்லவா. என் மனைவி இரஞ்சிதம் கனடாவில் இருக்கிற தன் தமக்கைக்கும் லண்டனில் இருக்கிற என் சொந்தக்காரருக்கும் எல்லாம் சொல்லிவிட்டாள். எட்டு வருடமாக அவள் அவர்களுக்குச் சொன்னது நான் புட்போல் கிளப் ஒன்றில் நிர்வாகம் என்று. போன வருடக் கலியாண வீட்டில் தமக்கை எல்லாருக்கும் கேட்கிற மாதிரிக் கேட்டாள், "உன்ரை மனுசன் அங்கை வெள்ளைக்காரன்ரை உள் உடுப்பெல்லே தோய்க்கிறாராம்?" மேசை முழுக்கச் சிரித்தது. சோற்றைப் பிசைந்துகொண்டு நானும் சிரித்தேன். அவர்கள் என்ன நினைத்துச் சிரித்தார்கள் என்று எனக்குத் தெரியும், படலையடியில் எறிந்த கை எல்லாருடைய வீட்டிலும் இருந்தது. என் வீட்டிலும்தான். அன்றிரவு இரஞ்சிதம் கட்டியிருந்த சேலையை மடிக்காமல் மூலையில் எறிந்துவிட்டுப் படுத்தாள். இன்று காலையில்தான் முகம் மலர்ந்து சொன்னாள், "நீங்கள் பஸ்ஸிலை நிண்டு கை காட்டேக்கை நான் வீடியோ எடுத்து எல்லாருக்கும் அனுப்புவன். பாப்பம், பிறகு ஆர் கதைக்கினம் எண்டு." ஒருவன் மூத்திரமாக ரத்தம் போவது, என் மச்சாள், அந்தத் தமக்கை, வாயை மூடுவதற்கு. இப்படி நேராகச் சொன்னால் எவ்வளவு அசிங்கமாக இருக்கிறது. அசிங்கம்தான். இவர்களுடைய பனியனைவிட நாறுகிறது.

மேலே ஒரு பெருமூச்சு. எங்கள் பக்கம் பந்து வெளியே போயிருக்கும். மணி நாலு முப்பத்தைந்து. இன்னும் பதினைந்து நிமிடம் வரும். இருபத்திரண்டு படி ஏறினால் நடைபாதை, அதன் முடிவில் ஆட்டக்காரர் இறங்குகிற வாசல், அங்கேயிருந்து பத்து எட்டு வைத்தால் மாற்று ஆட்டக்காரர் உட்காருகிற வாங்கு, வாங்கின் ஓரத்தில் ஹெலன். காதில் ஒரு வார்த்தை. அவள் கையைத் தூக்குவாள், மெல்டனை வெளியே எடுப்பார்கள். எடுத்தால் பின் வரிசை குலையும், குலைந்தால் கோல் வாங்குவோம், பதினான்கு ஆட்டமும் தண்ணீரில் போகும், ஊர் முழுக்க என்னைத் தேடும், எங்கே அந்த உடுப்புத் தோய்க்கிற ஆசியாக்காரன் என்று. எடுக்காவிட்டால். இன்னொரு இடி அதே இடத்தில். ஆஸ்பத்திரித் தோய்ப்பில் இருந்தபோது ஒரு முதியோர் விடுதியின் துணியும் எங்களுக்கு வரும். அதில் ஒரு சின்ன இரவுச் சட்டை, நீலப் பூப்போட்டது, கிழமைக்குக் கிழமை தோள்பட்டையிலும் கையிலும் ரத்தம். விழுந்து பட்ட ரத்தம் அந்த இடத்தில் வராது. மேற்பார்வைக்காரனிடம் காட்டினேன். "துணியைப் பார், ஆளைப் பார்க்காதை" என்றான். சரி என்று துணியைப் பார்த்தேன். பிறகு அந்தச் சட்டை வரவில்லை. பிறகு பேப்பரில் அந்த விடுதியின் படம் போட்டிருந்தது, நான் பேப்பரை மடித்துக் குப்பையில் போட்டேன், படித்து முடிக்காமல். அந்தச் சட்டையையும் நான் நன்றாகத்தான் தோய்த்தேன்.

எழுந்துவிட்டேன். காற்சட்டையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கதவைத் திறந்து ஏறுகிறேன். ஐந்து, ஆறு, ஏழு. முழங்கால் வலிக்கிறது. ஈரம் சட்டையில் ஊறி என் விலாவில் படுகிறது, அவனுக்கு இடித்த அதே பக்கம். பதினொன்று. சத்தம் பெரிதாகிறது, மழையின் குளிர் முகத்தில் படுகிறது. பதினைந்தாம் படியில் கால் வைக்கிறேன், மேலே நாலாயிரம் வாயும் ஒன்றாக ஐயோ என்கிறது. இரும்பில் பந்து மோதுகிற ஓசை எனக்கே கேட்கிறது. எங்கள் கோல் கம்பத்தில். ஓர் அங்குலம் உள்ளே வந்திருந்தால் முடிந்தது. நான் மேலே வந்ததால். அந்த நினைப்பு வந்தது என்று சொல்வது தவறு, நினைப்புக்கு முன்னமே கால் திரும்பிவிட்டது. பதினைந்து படியையும் ஓடி இறங்கிக் கதவைச் சாத்தி முதுகைக் கொடுத்து நிற்கிறேன், அறுபத்தொரு வயதுக் கிழவன், இதயம் அடிக்க, கக்கத்தில் இன்னொருவனின் ரத்தத்தோடு. தோய்க்காத பனியனைப் பார்த்துக் காறித் துப்பியவன். அந்தப் பையனாவது கோலைக் காப்பதற்காக நாற்றத்தைச் சுமக்கிறான். நான் எதற்காக. மூன்று நிமிடம் இருக்கும், நாலு இருக்கும், கூரை இடிந்து விழுகிற மாதிரி ஒரு சத்தம், சுண்ணாம்பு மழையாகக் கொட்டுகிறது, விளக்கு ஆடுகிறது. கோல். எங்களுக்கு. நான் என்ன செய்தேன்? கை தட்டினேன். தனியாக, மூடிய அறையில், கழுவாத கையால், தட்டினேன். நான் கீழே நின்றதால்தான் விழுந்தது என்று, கடவுளே, உண்மையாகவே நம்பினேன்.

பிறகு ஒரு மௌனம். நாலாயிரம் பேர் பேசாமல் இருந்தால் அதுவும் கேட்கும். யாரோ விழுந்து கிடக்கிறான். நான் கூரையைப் பார்க்கிறேன், கூரையில் என்ன தெரியும். யார் என்று எனக்குத் தெரியாது. தெரியும். ஒரு நிமிடம். இரண்டு. எழும்படா. எழும்படா மோனே. எழும்பாதே, அப்படியே கிட, உன்னைத் தூக்கிக்கொண்டு போகட்டும், நான் ஒன்றும் சொல்லாமலே எல்லாம் தெரியவரட்டும். இப்படியும் நினைத்தேன். அவன் விழுந்தாவது எனக்கு விடுதலை கிடைக்கட்டும் என்று. பிறகு மெதுவாகத் தொடங்கி, மெல்டன், மெல்டன், மெல்டன், மூன்று கைதட்டலோடு. எழுந்துவிட்டான். இன்னும் ஏழு நிமிடம் விளையாடினான் என்று நினைக்கிறேன். விசில் ஊதியது எனக்குக் கேட்கவில்லை, கூட்டம் மைதானத்துக்குள் பாய்ந்த அதிர்வுதான் கேட்டது. ஸ்கெல்பி டவுன் மூன்றாம் பிரிவு. போன் நடுங்குகிறது, இரஞ்சிதம். எடுக்கவில்லை.

கதவு தட்டாமல் திறக்கிறது. மெல்டன். தலையெல்லாம் எவனோ ஊற்றிய பியர் நுரை, கழுத்தில் சால்வை, முகம் மட்டும் சாம்பல். சிரிக்கிறான், சிரிப்பு ஒரு பக்கமாக இழுக்கிறது, ஒரு கை விலாவைப் பிடித்திருக்கிறது. பயிற்சிக் காற்சட்டைக்கு மாற்றிக்கொண்டு வந்திருக்கிறான், இரண்டாம் பாதியின் ஐந்தாம் இலக்கம் சட்டைக்குள் சுருட்டியபடி. என் கையில் வைக்கிறான். கனக்கிறது. "ஏறிட்டம் பாரி" என்கிறான். "ஏறிட்டம்" என்கிறேன். "சொன்னபடி மே மாசம்" என்கிறேன், இவ்வளவு சிறிய குரல் எனக்கு இருப்பது எனக்கே தெரியாது. அவன் இல்லை என்று தலையை ஆட்டுகிறான். "இன்னும் ரெண்டு வருசத்துக்குக் கையெழுத்து வைக்கச் சொல்லியிருக்கினம். புதன்கிழமை உடம்பைச் சோதிப்பினம், அது மட்டும் சமாளிச்சுப்போடுவம். அதுக்குப் பிறகு பாப்பம். இதைக் கொஞ்சம் கழுவி விடுங்கோ. நீங்கள் கழுவினா ஒண்டும் தெரியாது." என் கன்னத்தில் ஒரு முத்தம் கொடுத்துவிட்டு, கைப்பிடிச் சுவரைப் பிடித்துப் பிடித்து, படி ஏறிப் போனான். இருபத்திரண்டு படிக்கு அவனுக்கு எவ்வளவு நேரம் எடுத்தது என்று நான் கேட்டுக்கொண்டே நின்றேன்.

இரண்டு காற்சட்டையையும் தொட்டியில் போட்டேன். கை பச்சைத் தண்ணீர்க் குழாய்க்குப் போயிற்று. பழகின கை, உப்புத் தகரப் பேணியையும் பக்கத்தில் எடுத்து வைத்துவிட்டது. இன்னும் ஐந்து நிமிடம் விட்டால் இந்தக் கை எல்லாவற்றையும் தோய்த்து முடித்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, தடமில்லை என்று திருப்திப்பட்டு, திங்கட்கிழமை பஸ்ஸிலிருந்து ஆட்டவும் போய்விடும். எனக்கு என்னைத் தெரியும். மின்கேத்தலில் தண்ணீர் இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது, அரை நேரத்துக்குப் பிறகு இரண்டாம் தேநீருக்கு என்று நான் போட்டு மறந்ததை அது தானாகத் திரும்பத் திரும்பச் சூடாக்கிக்கொண்டிருந்தது. தூக்கினேன். கொதிதண்ணீரை அப்படியே இரண்டின் மேலும் ஊற்றினேன். ஆவியோடு ஒரு நாற்றம் எழும்பிற்று, ரத்தம் வேகிற நாற்றம். சிவப்பு என் கண் முன்னாலேயே மண்ணிறமாகி நூலுக்குள் இறங்கிப் பிடித்தது. உப்புக்கு அசையாது, சவர்க்காரத்துக்கு அசையாது. இனி நானே ஆசைப்பட்டாலும் எடுக்க ஏலாது. சின்னவி அடித்தாலும் போகாது.

பிழிந்து எடுத்துக்கொண்டு ஏறினேன். இந்த முறை படியை எண்ணவில்லை. நடைபாதை முழுக்கப் பாட்டு, நுரை, கட்டிப்பிடித்து அழுகிற ஆண்கள், மேனேஜர் என்னைக் கண்டு "பாரி, என்ரை ராசா" என்று தலைமுடியைக் கலைத்தான், நான் அவனைத் தள்ளிக்கொண்டு போனேன். ஹெலன் தன் அறை வாசலில் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள், கன்னத்தில் கழகத்தின் நிறம் பூசியிருந்தது. இரண்டையும் விரித்து அவள் கையில் கொடுத்தேன். எறியவில்லை, கையில்தான் கொடுத்தேன். அவள் இலக்கத்தைப் பார்த்தாள், உள்ளே திருப்பிப் பார்த்தாள், முகர்ந்துகூடப் பார்த்தாள். சிரிப்பு போய்விட்டது. "இது இண்டைக்குத்தானே?" என்றாள். ஓம் என்றால் முடிந்தது. இன்றைக்குத்தான், கண்டவுடன் கொண்டு வந்தேன் என்றால் நான் நல்ல மனிதன், நாளைக்கு எனக்கு நன்றி சொல்வார்கள். வாய்க்குள் அந்த ஓம் தயாராகவே இருந்தது.

"பெப்ரவரியிலை இருந்து" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள், ஒரு கணம்தான், பிறகு மெல்டனின் பெயரைக் கத்திக்கொண்டு கூட்டத்துக்குள் ஓடினாள். அந்த ஒரு கணப் பார்வையை எனக்கு நன்றாகத் தெரியும். படலையடியில் நின்று சின்னவியை அம்மா பார்த்த பார்வை. அந்த மனிதர் அதற்கு ஒரு குற்றமும் செய்திருக்கவில்லை. நான் செய்திருந்தேன். சுவரோடு ஒதுங்கி நின்றேன், எல்லாரும் என்னைத் தாண்டி ஓடினார்கள், என் கையிலிருந்து இளம் மண்ணிறத் தண்ணீர் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.